பிடித்ததும் பிடிக்காததும், நான் சொன்ன ஒரு பொய்யும்

மகனுக்கு,

விமான நிலையத்தில் என் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து நீ கேட்டாய்: "ஒரு மாசம் இருந்தியேம்மா, இந்த ஊர்ல உனக்கு எது பிடிச்சுது, எது பிடிக்கல? ஊருக்குப் போய் நிதானமா எழுது. அதைப் பார்த்துட்டுதான் அடுத்த வருஷம் மூணு மாசமா கூப்பிடறதா, வேண்டாமான்னு முடிவு பண்ணணும்." சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் உனக்கு உண்மையாகவே பதில் வேண்டியிருக்கும் கேள்விகளைத்தான் நீ சிரித்துக்கொண்டு கேட்பாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். செங்கல்பட்டுக்குத் திரும்பிப் பதினொரு நாள் ஆகிறது. தூக்கம் நேரத்துக்கு வந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு முழுப் பதில் எழுத வேண்டும், பாதியில் விட்டால் மதிப்பெண் கிடையாது என்று முப்பத்திரண்டு வருடம் கணக்கு வகுப்பில் சொன்னவள் நான். ஆகவே முழுவதும் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். தொலைபேசியில் நாம் இருவரும் மரியாதையாகப் பேசிவிட்டு வைத்துவிடுவோம்.

முதலில் பிடிக்காதவை. உன் வீட்டு மாடிப்படி. அது படியே அல்ல, சாய்த்து வைத்த ஏணி. எழுபத்து மூன்று வயதில் கிணற்றுக்குள் இறங்குகிறவளைப் போல முதுகைக் காட்டிக்கொண்டு தினம் நான்கு முறை இறங்கினேன். மதிய உணவு என்ற பெயரில் குளிர்ந்த ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்து நின்றபடி தின்கிறார்கள். ஆபீசில் நீயும் அதைத்தான் தின்கிறாய் என்று என் மருமகள் வித்யா சொன்னாள். ரசம் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன் நீ. கழிவறையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். நெதர்லாந்து முழுக்கத் தண்ணீர், தண்ணீரைக் கட்டி ஆளுவதில் உலகத்துக்கே அவர்கள்தான் வாத்தியார், ஆனால் வேண்டிய இடத்தில் மட்டும் காகிதம் வைத்திருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குழந்தைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் பிடிக்கவில்லை. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்களில் திரை போடாமல் வீட்டுக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது முதல் வாரம் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம், எதிர்வீட்டுக் கிழவர் இன்று எந்தச் சட்டை போட்டிருக்கிறார் என்று நானே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஆகவே அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

பிடித்தவையும் இருக்கின்றன. நான் ஏறி உட்காரும்வரை பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு, கைப்பையும் திருத்திய நோட்டுக் கட்டுமாக இத்தனை வருடம் நின்றுகொண்டே வந்தவளுக்கு அது சின்ன விஷயமல்ல. யாராவது பத்து மணிக்கு வருகிறேன் என்றால் பத்து மணிக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பத்தொரு வயது. கணவர் போய் ஒன்பது வருடம். சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போய்க் காய்கறி வாங்கி வருகிறார். அவருடைய பிறந்தநாளுக்கு நாம் போனபோது வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு மட்டுமல்லாமல், மகளுக்கு, பேரனுக்கு, கடைசியில் எனக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார்கள். அண்டைவீட்டுக்காரிக்கு வயது ஏறியதற்கு எனக்கு எதற்கு வாழ்த்து என்று முதலில் விளங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். உன் அப்பா போன பிறகு நம் பக்கத்து விசேஷங்களில் நானாகவே இரண்டாவது வரிசைக்குப் போய்விடுவது வழக்கம். யாரும் போகச் சொன்னதில்லை. யாராவது சொல்வதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது என் கௌரவம். அங்கே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் இரண்டாவது வரிசை கிடையாது. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வட்டத்தில்தான் முதல் தப்பும் செய்தேன். அந்த அம்மாள் காபித் தட்டோடு வந்து, ஆப்பிள் கேக் வேண்டுமா என்று கேட்டார். நான் "வேண்டாம், பரவாயில்லை" என்றேன். நம்மில் யார் முதல் தடவையே சரி என்பார்கள்? வேண்டாம் என்போம், அவர்கள் சும்மா ஒரு வாய் என்பார்கள், ஐயோ என்போம், அதற்குள் தட்டில் விழுந்திருக்கும். அந்த அம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். ஒரு மணி நேரம் எல்லோரும் தின்பதை, லவங்கப்பட்டை வாசனையோடு, நேராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து வித்யாவிடம் "என்ன ஜனங்கள், ஒரு வார்த்தை வற்புறுத்தத் தெரியாதா?" என்றேன். அவள் சிரித்தாள். "அத்தை, இங்க வேண்டாம்னா வேண்டாம்தான். மறுபடி கேட்டா உங்க வார்த்தையை நம்பலைன்னு அர்த்தமாயிடும்." நான் அதைப் பிடிக்காதவற்றில் சேர்த்தேன். அத்தோடு விட்டிருக்கக் கூடாது. எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நீ வேலையாக ஜெர்மனி போயிருந்த அந்த இரண்டு நாளில்தான் தாரிணியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று வித்யா உன்னிடம் சொல்லியிருப்பாள். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பக்கத்திலிருந்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அங்கே பன்னிரண்டு வயதாகும்போது பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்கள் என்றும், பல்கலைக்கழகத்துக்குப் போகும் பள்ளி ஒன்று, அதற்கு ஒரு படி கீழே ஒன்று, கைத்தொழிலுக்கு ஒன்று என்றும், எந்தப் பிள்ளைக்கு எது என்பதில் வகுப்பாசிரியரின் கருத்துக்குத்தான் பலம் என்றும் போகும் வழியிலேயே வித்யா சொன்னாள். ஆசிரியர் முப்பது வயது இளைஞர், நல்ல மனிதர். தாரிணியையும் எங்களோடு உட்கார வைத்தார்; பிள்ளையைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரியாமல் பேச மாட்டார்களாம். மேல்படிக்கும் அதற்கு அடுத்த படிக்கும் நடுவில் அவள் நிற்கிறாள், மதிப்பெண் போதும், ஆனால் தொடர்ந்து உட்கார்ந்து படிப்பாளா என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் ஆசிரியை என்று தாரிணி சொன்னாள், ஒரு மாதமாக வீட்டில் பார்க்கிறீர்களே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

என்னைக் கேட்டதில் எனக்குப் பெருமை. பெருமை வந்ததும் வாய் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத கான்வென்ட் ஆங்கிலத்தில் நான் சொன்னேன்: பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை, சுமாரான பெண்தான், கவனம் போதாது, ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். சொல்லிவிட்டு, "அப்படிச் சொல்லாதீர்கள் மேடம், நன்றாகப் படிக்கிற பெண்" என்று அவர் மறுப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்து, "இவ்வளவு நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி, இது எனக்கு உதவியாக இருக்கும்" என்றார்.

தாரிணி என்னைப் பார்த்தாள். அழவில்லை. புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். வெளியே வந்ததும் எங்கள் இருவரையும் விட்டு முன்னால் நடந்து போனாள்.

"ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்றாள் வித்யா.

"நீ மறுத்துச் சொல்லியிருக்கலாமே?"

"வெளி ஆள் முன்னாடி நீங்க பேசிட்டிருக்கும்போது நான் எப்படி அத்தை குறுக்க பேசறது?"

இதைக் கவனி. என் வாயை மூடத் தெரியாத வழக்கமும் அவள் வாயைத் திறக்கவிடாத வழக்கமும் ஒரே வீட்டு வழக்கம்தான். நடுவில் அகப்பட்டது அந்தக் குழந்தை. அவளுக்கு இரண்டும் தெரியாது.

பெற்ற பிள்ளையைப் பிறர் முன்னால் புகழக் கூடாது என்பதை எனக்கு இரண்டு பேர் கற்பித்தார்கள். கண் பட்டுவிடும் என்று என் அம்மா. அகந்தை பாவம் என்று பள்ளியில் சிஸ்டர்கள். ஒருவர் சாமி மற்றவருக்கு ஆகாது. இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஆகவே அது சத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் அது ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், எதிரே நிற்பவருக்கும் பாடம் தெரியும். நான் "என்னமோ படிக்கிறான்" என்பேன், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இன்னொரு டீச்சர் "சும்மா சொல்லாதீங்க, உங்க பையன்தானே ஃபர்ஸ்ட்" என்பாள். நான் கொடுக்காததை அவள் கொடுத்துவிடுவாள். கை பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குக் கூட்டிக் கழித்து ஏதோ ஒன்று மிஞ்சும் என்று நாங்கள் நம்பினோம். மிஞ்சியதா என்று பிள்ளைகளைக் கேட்டதில்லை.

இனி எழுதப்போவதை முப்பது வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, கடலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி ஒன்று செய்தாய். பிளாஸ்டிக் குழாய், அதற்குள் மிதக்கும் ஒரு பந்து, நூல், அளவுகோல். நீயும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டுக்காட்டுக்குப் போய், கழிமுகத்தில் அதைக் குத்தி வைத்துவிட்டுப் படகுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சட்டையெல்லாம் சேறு. டில்லியில் நடந்த பள்ளி மாணவர் கண்காட்சிக்கு உங்கள் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. வேறு பையனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று நான் உன்னிடம் சொன்னேன். நீ "சரிம்மா" என்று மட்டும் சொன்னாய்.

தேர்ந்தெடுத்தது உன்னைத்தான். உங்கள் அறிவியல் ஆசிரியர் அதைச் சொல்வதற்காகவே நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். வடக்கிலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் தெரியாது, நம் பேச்சின் போக்கும் தெரியாது. நீ டியூஷன் போயிருந்தாய். "உங்கள் பையனை அனுப்பலாம் என்று நினைக்கிறேன்" என்றார். நான், "அவனா? அவன் சுமார்தான் சார், கூச்ச சுபாவம், பத்துப் பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான், வேறு நல்ல பையனாகப் பாருங்கள்" என்றேன். அவர் மறுபடி கேட்பார், நான் கொஞ்சம் தயங்குவேன், பிறகு சரி என்பேன் என்று என் மனதில் ஒரு வரிசை இருந்தது. அவர் காபியைக் குடித்துவிட்டு, தாய்க்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும் என்று எழுந்து போய்விட்டார்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். "ஏன் அப்படிச் சொன்னே?"

"மறுபடியும் கேட்பார்னு நினைச்சேன்."

"கேட்கலையே."

"இப்ப போய் நான்தான் தப்பா சொன்னேன்னு எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்" என்றார் அப்பா.

அவர் போகிறேன் என்று சட்டை மாட்டினார். நான்தான் தடுத்தேன். போய்ப் பிள்ளைக்காகக் கேட்டு நிற்பது நம் கௌரவத்துக்குச் சரியில்லை என்றேன். பிறகு உன்னிடம் அந்தப் பொய்யைச் சொன்னேன். அப்பா அன்று சாப்பிடவில்லை. அவர் கடைசிவரை உன்னிடம் சொல்லாதது எனக்காக, அவருக்காக அல்ல. நீ அந்தக் குழாயை எங்கே போட்டாய் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மார்க் ஷீட்டை அப்பாவிடம் மட்டும் நீட்ட ஆரம்பித்தாய் என்பது தெரியும். வயதுக்கு வந்த பையன்கள் அப்படித்தான் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

தாரிணி கடைசி ஆறு நாளும் நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக ஒன்றும் பேசவில்லை. விமான நிலையத்தில் நீ பெட்டியோடு போனபோது, ஜாக்கெட் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றவள் திடீரென்று கேட்டாள். "பாட்டி, நான் நிஜமாவே ஆவரேஜா?" அப்போதே சொல்லியிருக்கலாம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. அந்த அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நான், "பெரியவங்ககிட்ட இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்றேன். கேள்வி சரியான கேள்வி. பதில் தெரியாத ஆசிரியர்தான் பிள்ளையின் நடத்தையைக் குறை சொல்வார்.

வந்த மறுநாள் செல்வி வேலைக்கு வந்தாள். உனக்குத்தான் தெரியுமே, அவள் கேள்வி கேட்டுக்கொண்டே பெருக்குவாள்.

"இன்னா டீச்சரம்மா, ஊரெல்லாம் நல்லா கீதா? பேத்திப் பொண்ணு எப்டி கீது? நல்லா படிக்குதா?"

"ஏதோ..." என்று ஆரம்பித்துவிட்டேன். அங்கேயே நிறுத்தினேன். ஒரு சொல்லை விழுங்கி இன்னொரு சொல்லை எடுப்பதற்கு இத்தனை நேரமாகும் என்று நான் நினைத்ததில்லை. "நல்லா படிக்கிறா, செல்வி. ரொம்பக் கெட்டிக்காரி."

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாம்மா இது, வாயத் தொறந்து இப்டி சொல்லிகினு கீறீங்க! கண்ணு பட்டுடப் போவுது. அந்தக் குளுருல ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லாம பூட்டுதா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. உன் பெண் பொத்தேரியில காலேஜ் போறாளே, அவ எப்படிப் படிக்கிறா?"

"அது கெடக்குது கழுதை, எப்பப் பாரு போனும் கையுமா..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது. "நல்லாத்தான் படிக்குதும்மா. வூட்ல யாருமே அவ்ளோ படிச்சதில்ல."

அன்று மதியமே தாரிணியின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். நான் அன்று சொன்னது என் பேத்தியைப் பற்றிய கணிப்பு அல்ல, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் சொல்லும் ஒரு வழக்கமான வாசகம், அதை நீங்கள் எழுதிவைத்துக்கொண்ட இடத்தில் கோடு போட்டு அடித்துவிட வேண்டும் என்று கேட்டேன். அதன் கீழே நான் கண்ணால் பார்த்த மூன்று விஷயங்களை மட்டும் எழுதினேன். முதலாவது, நான் தனியாக நூலகத்துக்குப் போகப் பயப்படுகிறேன் என்று கண்டு, யாரும் சொல்லாமலே அவள் ஒரு படம் வரைந்து கொடுத்தாள். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், வழியில் உட்கார எத்தனை பெஞ்சு, எங்கே பாதை வழுக்கும் என்று. அதற்காக இரண்டு நாள் மாலையில் அவள் அந்த வழியை நடந்து பார்த்திருக்கிறாள். உட்கார மாட்டாள் என்று நான் சொன்னது அதைத்தான். இரண்டாவது, அவளாகத் தமிழ் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டிருக்கிறாள், என் மாத்திரை டப்பாவில் காலை, இரவு என்று பிழையில்லாமல் எழுதி ஒட்டினாள். மூன்றாவது, நான் கொடுத்த ஒரு கணக்கை என் வழியில் போடாமல் வேறு வழியில் போட்டாள்; வழி தவறு என்று நான் கோடு போட்டு அடித்துவிட்டேன்; மறுநாள் போட்டுப் பார்த்தால் அவள் வழி சரி, என்னுடையதைவிட இரண்டு வரி குறைவு. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. கடிதத்தைச் செங்கல்பட்டுத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதன் பிரதி ஒன்றைப் படமெடுத்து வித்யாவின் போனுக்கும் அனுப்பினேன். அடுத்த மாதம் முடிவு சொல்வார்கள் என்றாள். அந்த ஆசிரியர் என் இரண்டாவது வார்த்தையை நம்புவாரா தெரியாது. முதல் வார்த்தையை நம்பியது அவர் குற்றமல்ல.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தைப் பிடிக்காதவற்றிலிருந்து எடுத்துப் பிடித்தவற்றில் போட்டிருக்கிறேன். எனக்கு அது கஷ்டமாக இருக்கும். இருந்தாலும் அதுதான் ஒழுங்கு. அடுத்த வருடம் நீ கூப்பிட்டால் வருவேன். "வேண்டாம்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லமாட்டேன். இப்போதே சொல்கிறேன், வர ஆசை. நீ கூப்பிடாவிட்டால் ஏன் என்று எனக்குத் தெரியும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. டில்லி விஷயத்தில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ என்னிடம் வந்து அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லாதே. ஒன்றுமில்லாதது அல்ல அது. அன்று உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள், நீ அதற்குத் தகுதியானவன், எனக்கு அது அப்போதே தெரியும். இன்று அவர்கள் நாட்டின் கடல் மட்டத்தைக் கணக்கிடும் வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. இதற்குக் கீழே உள்ளதை நீ படித்துக் காட்டாதே, மொழிபெயர்க்காதே. அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியும். தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு நீ அறையை விட்டு வெளியே போ.

தாரிணி, விமான நிலையத்தில் நீ கேட்ட கேள்விக்குப் பதில்: இல்லை. நீ கெட்டிக்காரி. அன்று பள்ளியில் நான் சொன்னது பொய். அந்தக் கணக்கில் உன் வழிதான் சரி.